எந்த நெட் கனெக்ஷன் போட்டா ஹேக்கர் வரமாட்டான்? வீட்டு கம்ப்யூட்டர் பாதுகாப்பு பத்தி விரிவா ஒரு பதில்

நீங்க கேட்ட கேள்வி மூணு பாகமா இருக்கு. வீட்டுல இருக்கற விண்டோஸ் கம்ப்யூட்டரை ஹேக்கர்கள்கிட்டேர்ந்து எப்படி காப்பாத்தறது, புதுசா நெட் எடுக்கப்போனா ஃபைபர், கேபிள், 5ஜி இதுல எது பாதுகாப்பு, அப்புறம் ஏற்கனவே யாராவது உள்ள பூந்துட்டாங்களான்னு எப்படி கண்டுபிடிக்கறது. முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், இந்த கனெக்ஷன் போட்டா ஹேக்கர் வரமாட்டான்னு ஒண்ணு கிடையவே கிடையாது. கண்ணாடி நார் வழியா வந்தாலும் டவர் வழியா வந்தாலும் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ற டேட்டா ஒண்ணுதான். வீட்டு கம்ப்யூட்டர்ல நடக்கற திருட்டு பெரும்பாலும் நம்ம கையாலயே நடக்குது, நாமளே ஒரு ஃபைலை ஓட விடறோம், நாமளே பாஸ்வேர்டை டைப் பண்ணி குடுக்கறோம். அதனால கனெக்ஷனை வேகத்துக்கும் நிலையா வருதாங்கறதுக்கும் பாத்து எடுங்க, பாதுகாப்பை கம்ப்யூட்டர்லயும் ரவுட்டர்லயும் உங்க பழக்கத்துலயும் பாருங்க. இந்த ரெண்டையும் போட்டு குழப்பிக்கிட்டா காசும் போகும் பாதுகாப்பும் வராது.

இன்னொண்ணு, "என்கிட்ட என்ன இருக்கு, என்னை எவன் ஹேக் பண்ணப்போறான்"னு நிறைய பேர் நினைக்கறாங்க. உங்களை தனியா யாரும் தேடி வரல, அது சரி. ஆனா புரோகிராம்கள் 24 மணிநேரமும் இன்டர்நெட்ல இருக்கற ஒவ்வொரு அட்ரஸையும் தட்டிப் பாத்துக்கிட்டே இருக்கு, திறந்திருந்தா உள்ள வந்துடும், யார் வீடுன்னு அதுக்கு கவலை இல்ல. உங்க மெயில், உங்க பேங்க் லாகின், உங்க பேர்ல மத்தவங்களுக்கு மெசேஜ் அனுப்பற வசதி, உங்க கம்ப்யூட்டரை வச்சு வேற யாரையாவது தாக்கற வசதி, இது எல்லாத்துக்குமே வெளிய விலை இருக்கு.

சரி, விஷயத்துக்கு வரேன். முதல்ல அப்டேட். சலிப்பா இருக்கும், ஆனா இதைவிட பெரிய விஷயம் இல்ல. 2017 மே 12-ஆம் தேதி வானாக்ரைன்னு ஒரு ரான்சம்வேர், அதாவது ஃபைலை எல்லாம் பூட்டி வச்சுட்டு திறக்க காசு கேக்கற புரோகிராம், உலகம் முழுக்க பரவுச்சு, பிரிட்டன்ல ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் எல்லாம் லாக் ஆகி ஆம்புலன்ஸை வேற ஆஸ்பத்திரிக்கு திருப்பி விட வேண்டியதாப் போச்சு. யாரும் எதையும் கிளிக் பண்ண வேண்டிய அவசியமே இல்லாம ஒரு கம்ப்யூட்டர்லேர்ந்து இன்னொண்ணுக்கு தானா தாவுச்சு. இதுல வயித்தெரிச்சல் என்னன்னா அந்த ஓட்டையை அடைக்கற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே வருஷம் மார்ச் 14-லயே விட்டாச்சு, கிட்டத்தட்ட ரெண்டு மாசம் முன்னாடி. போட்டவங்க தப்பிச்சாங்க. அதனால "ரிமைண்ட் மீ லேட்டர்" பட்டனை அமுக்கற பழக்கத்தை விட்டுடுங்க, ராத்திரி தூங்கப் போகும்போது ரீஸ்டார்ட் போட்டுட்டு போங்க. விண்டோஸ் மட்டும் இல்ல, பிரவுசரும் முக்கியம், ஏன்னா நாள் பூரா வெளி உலகத்தோட பேசிக்கிட்டு இருக்கறது அதுதான். நீங்க இன்னும் விண்டோஸ் 10 வச்சிருந்தா அதுக்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு, வீட்டு உபயோகத்துக்கு பதிவு பண்ணிக்கிட்டா 2026 அக்டோபர் வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும், அதுக்குள்ள விண்டோஸ் 11-க்கு போங்க, மெஷின் பழசு ஏத்துக்கலைன்னா விண்டோஸுக்கு பதிலா இலவசமா கிடைக்கற லினக்ஸ் மின்ட் மாதிரி ஒண்ணு போட்டுக்கங்க, பிரவுசிங், மெயில், வீடியோ, டைப்பிங் வேலைக்கு தாராளமா போதும்.

அடுத்தது கிராக் சாஃப்ட்வேர், அதாவது காசு கட்டாம ஓட்டறதுக்காக பூட்டை உடைச்சு விட்ட சாஃப்ட்வேர். இதைப் பத்தி கொஞ்சம் கடுமையாவே சொல்றேன், ஏன்னா வீட்டுப் பசங்க கேம் கிராக், போட்டோ எடிட்டர் கிராக், ஆஃபீஸ் ஆக்டிவேட்டர்னு டவுன்லோடு பண்ணித்தான் நிறைய வீட்டு கம்ப்யூட்டர்ல முதல் ஓட்டை விழுது. அந்த பக்கத்துலயே "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணவும்"னு எழுதியிருக்கும், நாமளும் ஆஃப் பண்ணுவோம். உள்ள வர்றது பழைய காலத்து வைரஸ் மாதிரி ஸ்கிரீன்ல எதையும் காட்டாது, கம்ப்யூட்டர் ஸ்லோ கூட ஆகாது. சில நிமிஷத்துல பிரவுசர்ல சேவ் பண்ணி வச்ச பாஸ்வேர்டு, கார்டு விவரம், குக்கீ எல்லாத்தையும் சுருட்டி அனுப்பிட்டு தன்னைத்தானே அழிச்சுக்கிட்டு கூட போயிடும். குக்கீங்கறதை சாதாரணமா நினைக்காதீங்க. ஒரு தடவை மெயில்ல லாகின் பண்ணிட்டா மறுநாள் பாஸ்வேர்டு கேக்காம திறக்குதுல்ல, அதுக்கு காரணம் அந்த லாகின் குக்கீதான். அதை எடுத்துட்டுப் போய் தன் பிரவுசர்ல போட்டான்னா பல சமயம் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம், நீங்களாவே உள்ள உக்காந்துருப்பான்.

இதே திருட்டு இப்ப இன்னொரு ரூபத்துல வருது, இதை வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வைங்க. ஏதோ ஒரு சைட்டுக்கு போறீங்க, "நான் ரோபோ இல்ல"ன்னு டிக் பண்ற பெட்டி வருது. டிக் பண்ணதும் "சரிபார்க்க கீழ இருக்கறதை செய்யவும், விண்டோஸ் கீயோட ஆர் அமுக்கவும், அப்புறம் கன்ட்ரோல் கீயோட வி, அப்புறம் என்டர்"னு சொல்லும். பாக்க அப்படியே நிஜமான பக்கம் மாதிரி இருக்கும். நடக்கறது என்னன்னா நீங்க டிக் பண்ணப்பவே அந்த சைட் உங்களுக்கு தெரியாம ஒரு கட்டளையை காப்பி பண்ணி வச்சிடுச்சு, விண்டோஸ் ஆர் அமுக்குனா ரன் பெட்டி திறக்கும், வி அமுக்குனா அந்த கட்டளை அதுல ஒட்டிக்கும், என்டர் தட்டுனா நீங்களே உங்க கையால மால்வேரை, அதாவது திருட்டு புரோகிராமை, ஓட விட்டாச்சு. நீங்களே ஓட்டறதால ஆன்டிவைரஸ் கூட சில சமயம் கோட்டை விட்டுடும். எந்த உண்மையான சைட்டும் கீபோர்டுல இந்த மாதிரி பட்டன் அமுக்கச் சொல்லாது, அப்படி ஒண்ணு கேட்டா டேபை மூடிட்டு வெளிய வந்துடுங்க.

ஃபைல் பேர்லயும் ஏமாத்துவாங்க. பில்-னு மெயில்ல வரும், பிடிஎஃப் மாதிரி படம் போட்டிருக்கும், ஆனா பேரோட கடைசில இருக்கற .exe-ங்கறதை, அதாவது இது ஓடற புரோகிராம்னு காட்டற வாலை, விண்டோஸ் மறைச்சு வச்சிருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரர் திறந்து வியூ, அதுல ஷோ, அதுல ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்னு இருக்கறதை டிக் பண்ணுங்க, அஞ்சு செகண்டு வேலை, இனிமே பேரோட வால் முழுசா தெரியும்.

ஆன்டிவைரஸ் எது வாங்கலாம்னும் யோசிப்பீங்க. விண்டோஸோடவே வர்ற டிஃபெண்டர் வீட்டுக்கு போதும், அதை ஆஃப் பண்ணாம வச்சிருந்தாலே சரி. காசு குடுத்து வாங்கறது தப்புன்னு சொல்லல, ஆனா அந்தக் காசுல ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி பேக்கப் எடுத்தா எனக்கு தெரிஞ்சு பிரயோஜனம் அதிகம். அதே மாதிரி தினசரி வேலைக்கு அட்மின், அதாவது எதையும் மாத்தற அதிகாரம், இல்லாத சாதா அக்கவுண்ட் ஒண்ணு போட்டு அதுல இருங்க, பசங்களுக்கு கண்டிப்பா அதுதான் குடுக்கணும். எதையாவது இன்ஸ்டால் பண்ணப்போனா அட்மின் பாஸ்வேர்டு கேக்கும், அந்த ஒரு நிமிஷம் யோசிக்க டைம் கிடைக்கும்.

பாஸ்வேர்டு. கஷ்டமான பாஸ்வேர்டு வைங்கன்னு எல்லாரும் சொல்வாங்க, நான் சொல்றது ஒவ்வொரு சைட்டுக்கும் வேற வேற வைங்க, அதுதான் பெரிசு. வேலை தேடறவங்க பயன்படுத்தற லிங்க்ட்இன் சைட்லேர்ந்து 2012-ல திருடு போனதுல 11 கோடி பாஸ்வேர்டுக்கு மேல 2016-ல விற்பனைக்கு வந்துச்சு. அதை வாங்குனவன் லிங்க்ட்இனுக்கு மட்டும் முயற்சி பண்றதில்ல, அதே மெயில் அதே பாஸ்வேர்டை வேற நூறு சைட்ல புரோகிராம் வச்சு தட்டிப் பாப்பான். எங்கயோ ஒரு சின்ன ஷாப்பிங் சைட் ஓட்டையா இருந்து அங்க வச்ச பாஸ்வேர்டே உங்க மெயிலுக்கும் இருந்தா அவ்வளவுதான், ஏன்னா மெயில் கைக்கு போயிட்டா மத்த எல்லா அக்கவுண்டுக்கும் "ஃபர்காட் பாஸ்வேர்டு" போட்டு ஒவ்வொண்ணா எடுத்துடலாம். இத்தனை பாஸ்வேர்டை மனசுல வச்சுக்க முடியாது, அதனால பிட்வார்டன், கீபாஸ் மாதிரி பாஸ்வேர்டு மேனேஜர் ஒண்ணு போட்டுக்கங்க, ரெண்டுமே இலவசமா கிடைக்கும். மனசுல வச்சுக்க வேண்டியது ஒரே ஒரு நீளமான மாஸ்டர் பாஸ்வேர்டுதான், சம்பந்தமே இல்லாத அஞ்சு வார்த்தையை சேர்த்து எழுதுங்க, 8 எழுத்து குறியீடு குப்பையைவிட அது பலம். வயசானவங்களுக்கு இது ஒத்து வரலைன்னா ஒரு நோட்டுல எழுதி பீரோல வச்சுக்கட்டும், தப்பே இல்ல, இன்டர்நெட் வழியா வர்றவன் பீரோவை திறக்க முடியாது.

அதுக்கு மேல மெயிலுக்கும் பேங்குக்கும் ரெண்டாவது பூட்டு, அதாவது டூ ஃபேக்டர், கட்டாயம் போடுங்க. எஸ்எம்எஸ்ல வர்றதைவிட 30 செகண்டுக்கு ஒரு தடவை நம்பர் மாத்தற ஆப் நல்லது, ஏன்னா சிம்மை உங்க பேர்ல டூப்ளிகேட் எடுத்து எஸ்எம்எஸ்ஸை தன் போனுக்கு வரவழைக்கற திருட்டு நடக்குது. அதைவிட நல்லது பாஸ்கீ, அதாவது பாஸ்வேர்டுக்கு பதிலா உங்க போனோ கம்ப்யூட்டரோ கைரேகை, பின் வச்சு லாகின் பண்றது, போலி சைட்ல அது வேலையே செய்யாது. எதுவும் முடியலைன்னா எஸ்எம்எஸ் ஆவது போடுங்க, ஒண்ணுமே இல்லாம இருக்காதீங்க. ஆக்டிவேட் பண்ணும்போது குடுக்கற பேக்கப் கோடை பேப்பர்ல எழுதி வைக்க மறக்காதீங்க, போன் தொலைஞ்சா அதுதான் வழி.

இப்ப ரவுட்டருக்கு வரேன், உங்க முதல் ரெண்டு கேள்வியும் சேர்ற இடம் இதுதான். எந்த கனெக்ஷன் எடுத்தாலும் வீட்டுக்குள்ள வர்ற வாசல் இந்த பெட்டி. ரவுட்டர் இருக்கறதே ஒரு பாதுகாப்பு, வெளிய இருந்து யாராவது தானா உள்ள வர முயற்சி பண்ணா வீட்டுல யாரும் அதைக் கேக்கலையேன்னு அப்படியே தள்ளி விட்டுடும். ஆனா பெட்டியே அவன் கைக்கு போயிட்டா? 2016-ல மிராய்னு ஒரு மால்வேர் வந்துச்சு, அது எந்த பெரிய வித்தையும் பண்ணல, கம்பெனிலேர்ந்து வரும்போதே போட்டு வர்ற அட்மின்-அட்மின் மாதிரியான யூசர்நேம் பாஸ்வேர்டு 60 ஜோடிக்கு மேல ஒரு லிஸ்ட் வச்சிருந்துச்சு, கண்ணுல பட்ட ரவுட்டர், சிசிடிவி கேமரா, ரெக்கார்டர் எல்லாத்துலயும் அதைப் போட்டுப் பாத்துச்சு, லட்சக்கணக்குல திறந்துச்சு. அந்த சாமானை எல்லாம் வச்சு அக்டோபர் 21-ஆம் தேதி, சைட் பேரை இன்டர்நெட் அட்ரஸா மாத்திக் குடுக்கற டின்னுங்கற கம்பெனியை அடிச்சாங்க, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல இடத்துல பல மணிநேரம் திறக்கல. மாத்தாம விட்ட பாஸ்வேர்டு, அவ்வளவுதான் காரணம்.

அதனால கனெக்ஷன் குடுக்க வர்ற ஆள் வேலையை முடிச்சுட்டு கிளம்பறதுக்கு முன்னாடி ரவுட்டரோட அட்மின் லாகினை கேட்டு வாங்குங்க. வைஃபை பாஸ்வேர்டு வேற, அட்மின் பாஸ்வேர்டு வேற, நிறைய பேர் முதல்ல சொன்னதை மட்டும் வாங்கிக்கிட்டு விட்டுடறாங்க. பிரவுசர்ல பெட்டி அடில ஒட்டியிருக்கற அட்ரஸை, பல ரவுட்டர்ல 192.168.1.1-னு இருக்கும், அதைப் போட்டு உள்ள போங்க. அட்மின் பாஸ்வேர்டை மாத்துங்க. வைஃபை செக்யூரிட்டி டபிள்யூபிஏ3 இருந்தா அது, இல்லைன்னா டபிள்யூபிஏ2 ஏஇஎஸ், டபிள்யூஇபின்னு இருந்தா அது 2001-லயே உடைஞ்சது, அந்த ரவுட்டரையே மாத்திடுங்க. டபிள்யூபிஏ2-ல வைஃபை பாஸ்வேர்டு நீளமா இருக்கணும், ஏன்னா நீங்க கனெக்ட் ஆகற அந்த நொடி காத்துல போறதை பிடிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போய் சாவகாசமா கோடிக்கணக்குல பாஸ்வேர்டை போட்டுப் பாக்க முடியும், போன் நம்பரை பாஸ்வேர்டா வச்சிருந்தா ரொம்ப நேரம் ஆகாது. டபிள்யூபிஎஸ்ஸை, அதாவது பாஸ்வேர்டு இல்லாம பட்டனோ பின்னோ வச்சு வைஃபைல சேர்ற வசதியை, ஆஃப் பண்ணுங்க, அதுல 8 இலக்க பின்னை ரெண்டு துண்டா சரிபார்க்கறதால 11,000 முயற்சிக்குள்ள கண்டுபிடிச்சுடலாம்னு 2011-லயே தெரிஞ்சுபோச்சு. வெளிய இருந்து ரவுட்டர் செட்டிங்ஸை மாத்த விடற ரிமோட் மேனேஜ்மென்ட் ஆஃப். வீட்டுல இருக்கற சாமான் தானாவே ரவுட்டர்ல வாசல் திறக்க விடற யூபிஎன்பியும் ஆஃப் பண்ணிப் பாருங்க, ஏதாவது கேம் அடம் பிடிச்சா அப்ப யோசிக்கலாம். ஃபர்ம்வேர், அதாவது ரவுட்டருக்குள்ள ஓடற சாஃப்ட்வேர், அப்டேட் ஆட்டோமேட்டிக்னு இருந்தா ஆன் பண்ணுங்க, பல வருஷமா அப்டேட்டே வராத ரவுட்டரை நம்பி இருக்காதீங்க. விருந்தாளிங்க, டிவி, கேமரா, ஸ்மார்ட் பல்பு எல்லாத்தையும் கெஸ்ட் நெட்வொர்க்ல, அதாவது ரவுட்டர்லயே இருக்கற தனி வைஃபைல, போடுங்க, அது கெட்டாலும் உங்க கம்ப்யூட்டரை தொட முடியாது.

அப்ப கனெக்ஷன் எது? ஃபைபர் வீடு வரைக்கும் வருதுன்னா வேற எதையும் யோசிக்காதீங்க. ஃபைபர்ல ஒரு லைனை 32 வீடோ 64 வீடோ பங்கு போடறாங்களே, பக்கத்து வீட்டுக்காரர் என் டேட்டாவை பாக்க முடியுமான்னு சிலர் பயப்படுவாங்க, சிக்னல் எல்லா வீட்டுக்கும் போறது உண்மை, ஆனா ஒவ்வொரு வீட்டுக்கும் தனி சாவி போட்டு என்கிரிப்ட் பண்றதுக்கு, அதாவது மத்தவங்க படிக்க முடியாதபடி மாத்தறதுக்கு, அந்த சிஸ்டத்துலயே வழி இருக்கு, அதுக்கு மேல பேங்க் சைட் எல்லாம் தன் பங்குக்கு என்கிரிப்ட் பண்ணித்தான் அனுப்புது. ஃபைபர் இல்லாத இடத்துல கேபிள், டவுன்லோடு நல்லா இருக்கும் அப்லோடு இழுக்கும், சாயங்காலம் எல்லாரும் உக்காந்தா குறையும். போன் கம்பி வழியா வர்ற டிஎஸ்எல் எக்ஸ்சேஞ்ச்லேர்ந்து தூரம் ஆக ஆக செத்துடும். 5ஜி பெட்டி ஜன்னல் ஓரமா வச்சு சிக்னல் கிடைச்சா அருமை, எடுக்கறதுக்கு முன்னாடி அதே கம்பெனி சிம்மை போன்ல போட்டு பகல், ராத்திரி ரெண்டு வேளையும் டெஸ்ட் பண்ணிடுங்க. சேட்டிலைட்டுன்னா உயரத்தை கேளுங்க, 35,786 கிலோமீட்டர்ல நிக்கற பழைய வகைல ஒரு பதில் வர அரை செகண்டுக்கு மேல ஆகும், வீடியோ கால்ல ஒருத்தர் பேச்சுல ஒருத்தர் மோதிக்கிட்டே இருப்பீங்க. சில நூறு கிலோமீட்டர் உயரத்துல சுத்தற ஸ்டார்லிங்க் மாதிரி வகைல அந்த தொல்லை இல்ல.

வேகம் எவ்வளவு வேணும்ங்கறதுல ஏமாறாதீங்க. விளம்பரத்துல வர்றது மெகாபிட், டவுன்லோடு ஆகும்போது காட்டறது மெகாபைட், 8 பிட் சேர்ந்தா ஒரு பைட், அதனால 100 மெகாபிட் லைன்ல செகண்டுக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல வராது, அது குறையில்ல, கணக்கே அதுதான். நெட்ஃபிளிக்ஸே 4கே-க்கு 15 மெகாபிட்டும் ஃபுல் ஹெச்டிக்கு 5 மெகாபிட்டும் போதும்னு சொல்லுது, நாலு பேர் வீட்டுக்கு 100 தாராளம். அதைவிட அப்லோடு எவ்வளவுன்னு கேளுங்க, வீட்டுலேர்ந்து மீட்டிங், போட்டோ பேக்கப், கேமரா எல்லாம் அதுலதான் போகுது. அப்புறம் அப்லோடு நடக்கும்போது பிங், அதாவது ஒரு பதில் வர எத்தனை மில்லிசெகண்டு ஆகுதுங்கறது, எகிறுதான்னு பாருங்க, சும்மா இருக்கும்போது 20 காட்டறது போட்டோ ஏத்தும்போது 300-க்கு போச்சுன்னா ஒத்தையடிப் பாலத்துல லாரி நிக்கற கதைதான், பின்னாடி வர்ற சைக்கிளும் நிக்கணும், எத்தனை மெகாபிட் பிளான் போட்டாலும் கால் விட்டு விட்டுத்தான் வரும். டேட்டா லிமிட் தாண்டுனா எவ்வளவு வேகத்துக்கு இறக்குவாங்கன்னும் கேட்டுக்கங்க.

ஒரு விஷயம் ரொம்ப பேர் மாட்டறது. 200, 300 மெகாபிட் பிளானுக்கு காசு கட்டிட்டு இருப்பாங்க, ஸ்பீட் டெஸ்ட் போட்டா எப்பவும் 94-ல வந்து நிக்கும். 90-க்கும் 95-க்கும் நடுவுல எப்பவும் ஒரே மாதிரி நின்னா லைன் மேல தப்பு இல்லாமலும் இருக்கலாம். கேபிள்ல 8 கம்பி இருக்கணும், அவசரத்துல 4 கம்பியை மட்டும் போட்டு முனையை அடிச்சுட்டுப் போயிருப்பாங்க, இல்ல ரவுட்டர்ல கேபிள் மாட்டற போர்ட்டே 100 மெகாபிட் வகையா இருக்கும், ரெண்டுலயும் 100-க்கு மேல ஏறாது. விண்டோஸ் செட்டிங்ஸ்ல ஈதர்நெட் பக்கத்துல லிங்க் ஸ்பீட் 1000-னு இருக்கா 100-னு இருக்கான்னு பாத்தா தெரிஞ்சிடும், கேபிளோட முனையை வெளிச்சத்துல பிடிச்சா எத்தனை கம்பி கலர் தெரியுதுன்னு எண்ணிடலாம். புது கேபிள் ஒண்ணு போட்டா தீர்ந்துடும் பிரச்சனைக்கு பிளானை மாத்திக்கிட்டு இருக்காதீங்க.

வீட்டு கேமராவை வெளிய இருந்து பாக்கணும்னா சிஜிநாட் இருக்கான்னு கேளுங்க, அதாவது பல வீட்டுக்கு ஒரே வெளி அட்ரஸ் குடுக்கறது. அப்படி இருந்தா போர்ட் ஃபார்வேர்டிங், அதாவது வெளிய இருந்து நேரா கேமராவுக்கு வழி விடறது, வேலை செய்யாது. பாதுகாப்புக்கு அது நல்லதுதான், உங்களுக்கு தேவை இல்லைன்னா உங்களுக்குன்னே மாறாத வெளி அட்ரஸ் குடுக்கற ஸ்டேட்டிக் ஐபிக்கு தனியா காசு கட்டாதீங்க. ஐபிவி6-ங்கற புது வகை அட்ரஸ் வந்தா மட்டும் கவனம், அதுல ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நேரடி அட்ரஸ் கிடைக்குது, வெளிய இருந்து வர்றதை தடுக்கற ஐபிவி6 ஃபயர்வால் ரவுட்டர்ல ஆன்ல இருக்கணும்.

கடைசி பாகம், ஏற்கனவே உள்ள வந்துட்டாங்களா. கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கறது மட்டுமே அதுக்கு அடையாளம் இல்ல, பல சமயம் பழைய ஹார்ட் டிஸ்க்தான் காரணம். பாக்க வேண்டியது வேற: மெயில் அக்கவுண்ட்ல லாகின் ஆன டிவைஸ் லிஸ்ட், அதுல நீங்க அறியாத மெஷின் இருக்கா. மெயில் செட்டிங்ஸ்ல ஃபார்வேர்டிங், ஃபில்டர்ல நீங்க போடாத ஏதாவது இருக்கா, திருடன் பாஸ்வேர்டு மாறுன பிறகும் உங்க மெயிலை படிக்க இதைத்தான் வச்சுட்டுப் போவான். பிரவுசர்ல நீங்க போடாத எக்ஸ்டென்ஷன், டிஃபெண்டர் தானா ஆஃப் ஆகி இருக்கறது, தூரத்துலேர்ந்து கம்ப்யூட்டரை இயக்க விடற எனிடெஸ்க், டீம்வியூவர் நீங்க இன்ஸ்டால் பண்ணாம இருக்கறது. "உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ், இந்த நம்பருக்கு கூப்பிடவும்"னு ஸ்கிரீன் முழுக்க சத்தத்தோட வர்றது மட்டும் வெறும் வெப் பக்கம், மைக்ரோசாஃப்ட் எரர்ல போன் நம்பர் வரவே வராது, ஆல்ட் எஃப்4 அமுக்கி மூடுங்க, கூப்பிடாதீங்க.

நிஜமாவே மாட்டிட்டா முதல்ல நெட்டை பிடுங்குங்க. பாஸ்வேர்டை அந்த கம்ப்யூட்டர்ல மாத்தாதீங்க, புதுசும் அவனுக்கே போகும், வேற நல்ல போன்லேர்ந்து மெயில் பாஸ்வேர்டை முதல்ல, அப்புறம் பேங்க், அப்புறம் மத்தது. மாத்தும்போதே எல்லா டிவைஸ்லேர்ந்தும் லாக்அவுட்னு ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கலைன்னா திருடுன குக்கீ இன்னும் செல்லும். காசு சம்பந்தப்பட்டிருந்தா பேங்குக்கு அப்பவே போன் போடுங்க, நேரம் போகப் போக பணம் கை மாறிடும். அந்த கம்ப்யூட்டரை ஸ்கேன் பண்ணி சுத்தமாச்சுன்னு திருப்தி ஆகாம விண்டோஸை முழுசா அழிச்சு புதுசா போடுங்க. ஃபைல் எல்லாம் ரான்சம்வேர்ல லாக் ஆகியிருந்தா காசு குடுக்காதீங்க, குடுத்தாலும் திரும்பி வரும்னு உத்தரவாதம் இல்ல. ஐரோப்பிய நாடுகளோட பொது போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் ஆன்டிவைரஸ் கம்பெனிகளோட சேர்ந்து 2016-ல ஆரம்பிச்ச நோ மோர் ரான்சம்னு ஒரு சைட் இருக்கு, லாக் ஆன ஒரு ஃபைலை அதுல ஏத்துனா எந்த வகைன்னு சொல்லி, சாவி கிடைச்சிருக்கற வகைன்னா திறக்கற டூலை இலவசமா குடுக்கும். இன்னைக்கு சாவி இல்லைன்னாலும் அந்த டிஸ்க்கை அழிக்காம தனியா எடுத்து வைங்க, புது டிஸ்க்ல விண்டோஸை போட்டுக்கங்க, பின்னாடி சாவி வெளிய வந்து ஃபைல் திரும்ப கிடைச்சவங்க இருக்காங்க. இதுக்கெல்லாம் போகாம இருக்கணும்னா பேக்கப்தான், போட்டோவும் முக்கியமான பேப்பரும் ஒரு வெளி டிஸ்க்ல ஒரு காப்பி, கிளவுட்ல ஒரு காப்பி. வெளி டிஸ்க்கை காப்பி எடுத்த உடனே கழட்டி வச்சிடணும், மாட்டியே வச்சிருந்தா ரான்சம்வேர் அதையும் சேர்த்துத்தான் லாக் பண்ணும்.